‘பந்தலடிக்குப் பக்கத்துல...’ - மேப்புக்குப் புரியாத மன்னார்குடி முகவரி!

“பந்தலடியில இறங்குங்க. அப்படியே நேரா வந்தா ஒரு டீக்கடை. அதைத் தாண்டி லெஃப்ட்ல ஒரு சந்து. வேப்பமரம் நிக்கிற வீடு.”

மன்னார்குடியில் வீட்டுக்கு வழி கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும். பார்சல் கொண்டுவரும் தம்பிக்கு இது போதும். கம்ப்யூட்டருக்கு இதில் ஒன்றுமே புரியாது.

புரிந்தாக வேண்டிய கட்டாயம் இப்போது வந்துவிட்டது. பள்ளி வேன் ரூட் போடுவதிலிருந்து ரத்ததானக் குழு, டெங்கு கணக்கெடுப்பு, புயல் நிவாரணம் வரை எல்லாமே ஒரு எக்செல் ஷீட்டில் நூறு, இருநூறு முகவரிகளாகத்தான் தொடங்குகின்றன. அந்த முகவரிகளை வரைபடத்தில் புள்ளிகளாக மாற்றும் வேலைக்கு ஜியோகோடிங் என்று பெயர். காசு வேண்டாம், புரோகிராமிங் தெரிய வேண்டாம், அரை மணி நேரத்தில் மேப் ரெடி. சிக்கல் என்னவென்றால், டெல்டா ஊர்களில் இந்த மேப் ரொம்ப அழகாகப் பொய் சொல்லும். அதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் மேப் போடுவது, மேப்பே இல்லாமல் இருப்பதைவிட மோசம்.

அரை மணி நேர மேப்

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கூகுள் மை மேப்ஸைத் திறந்து, முகவரிகள் இருக்கும் ஷீட்டை இம்போர்ட் செய்ய வேண்டும். எந்தக் காலத்தில் (அதாவது, ஷீட்டின் எந்த நெடுவரிசையில்) முகவரி இருக்கிறது, எது தலைப்பாக வர வேண்டும் என்று இரண்டு கேள்வி கேட்கும். அவ்வளவுதான். ஒரு லேயருக்கு 2,000 வரிகள் வரை ஏற்றலாம், ஒரு மேப்பில் 10 லேயர்கள் வைக்கலாம். இதற்கென்று இருந்த மொபைல் ஆப்பை கூகுள் 2021-ல் நிறுத்திவிட்டதால், மேப் தயாரிக்க லேப்டாப்தான் வசதி. பார்ப்பதற்கு போன் போதும். கூகுள் வேண்டாம் என்பவர்களுக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் நாமினாட்டிம் இருக்கிறது. பொது சர்வர் என்பதால் நொடிக்கு ஒரு முகவரிக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அதன் விதி.

இப்போது மன்னார்குடி முகவரிகளை உள்ளே போட்டால் என்ன ஆகும்?

ஹரித்ரா நதி வடகரை என்று எழுதியிருப்பார்கள். பெயரில்தான் நதி. உண்மையில் அது சுமார் 23 ஏக்கர் பரப்புள்ள ராஜகோபாலசுவாமி கோயிலின் தெப்பக்குளம். ஊர்க்காரருக்குத் தெரியும், சர்வருக்குத் தெரியாது. மேல வீதி, கீழ வீதி என்று எழுதினால், தமிழ்நாட்டில் கோயில் இருக்கும் ஊரெல்லாம் அந்தப் பெயரில் வீதி இருக்கும். கோட்டூர் என்று மட்டும் எழுதியிருந்தால் இன்னும் சுவாரசியம். மன்னார்குடிக்காரருக்குக் கோட்டூர் என்றால் தெற்கே இருக்கும் ஒன்றியம். ஆனைமலைப் பக்கத்தில் ஒரு கோட்டூர் இருக்கிறது, சென்னையிலும் ஒன்று இருக்கிறது. பெயரை இங்கிலீஷில் அடிக்கும்போது ஆளுக்கொரு ஸ்பெல்லிங் வேறு!

பழைய ஆவணங்கள் இன்னொரு தலைவலி. மன்னார்குடி 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 1997-லிருந்து திருவாரூர். ஒரே வீடு, இடம் நகராமலேயே மூன்று மாவட்டங்களில் இருந்திருக்கிறது. அஞ்சல் துறைக்கோ மாவட்ட எல்லை ஒரு பொருட்டே இல்லை. மன்னார்குடியின் பின்கோடு 614001. பட்டுக்கோட்டைக்கும் பாபநாசத்துக்கும்கூட 614-தான் தொடக்கம், இரண்டுமே தஞ்சாவூர் மாவட்டம்.

இத்தனை குழப்பத்துக்கும் நடுவில் மென்பொருள் “தெரியாது” என்று எல்லா நேரமும் சொல்வதில்லை. தெரு கிடைக்காவிட்டால் ஊரைப் பிடிக்கும். ஊரும் சரியில்லை என்றால் பின்கோடு பகுதியின் நடுவில் ஒரு புள்ளியைக் குத்திவிட்டுப் போய்விடும். கூரை வரை துல்லியமாகக் கண்டுபிடித்த புள்ளியும், இப்படிக் குத்துமதிப்பாக விழுந்த புள்ளியும் மை மேப்ஸில் ஒரே மாதிரிதான் தெரியும். டெவலப்பர்கள் பயன்படுத்தும் கூகுள் ஜியோகோடிங் ஏபிஐ, ஒவ்வொரு பதிலோடும் அது ‘ரூஃப்டாப்’பா ‘அப்ராக்ஸிமேட்’டா என்று குறிப்புத் தருகிறது. சாதாரண ஆளுக்குக் கிடைக்கும் அழகான பின்னில் அந்தக் குறிப்பு இல்லை. மிக முக்கியமான தகவலே அதுதான், அதைத்தான் மறைத்துவைத்திருக்கிறார்கள்.

அந்த அடிபம்பு தெரிந்திருக்குமா?

இதெல்லாம் டெக் ஆட்கள் பாடு என்று விட்டுவிட முடியாது. 1854-ல் லண்டன் சோஹோவில் காலரா பரவியபோது, டாக்டர் ஜான் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். பிராட் தெருவில் இருந்த ஒரு அடிபம்பைச் சுற்றியே மரணங்கள் குவிந்திருந்தது தெரிந்தது. தண்ணீரால்தான் காலரா பரவுகிறது என்ற அவருடைய வாதத்துக்கு அந்த மேப் பெரிய சான்றானது. ஸ்னோ அத்தனை மரணங்களையும் சோஹோவுக்கு நடுவில் ஒரே இடத்தில் குத்தியிருந்தால், அந்த பம்பு யார் கண்ணிலாவது பட்டிருக்குமா?

இன்று ஒருவர் மன்னார்குடி வட்டாரத்தின் காய்ச்சல் பட்டியலை அப்படியே ஜியோகோடிங் செய்தால் நடக்கப்போவது அதுதான். வடுவூர் பக்கத்து நோயாளியும் உள்ளிக்கோட்டை நோயாளியும் முகவரி சரியில்லாத காரணத்தாலேயே டவுனுக்கு நடுவில் வந்து நிற்பார்கள். மேப்பைப் பார்ப்பவர் “டவுனுக்குக் கொசு மருந்து அடிங்க” என்பார். வடுவூரிலேயே வடபாதி, தென்பாதி, மேல்பாதி என்று தனித்தனி வருவாய்க் கிராமங்கள் இருக்கின்றன என்பது அந்தப் பின்னுக்குத் தெரியாது.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்தது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை பக்கமெல்லாம் தென்னை சாய்ந்தது, கரண்ட் போனது, செல்போன் டவர்கள் செயலிழந்தன. மெயின் ரோட்டு ஊர்களுக்கே நிவாரண லாரிகள் திரும்பத் திரும்பப் போக, உட்கிராமங்கள் காத்துக் கிடந்தன என்பது அப்போது பரவலாக வந்த புகார். வாட்ஸ்அப்பில் உதவி கேட்ட பட்டியல்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. வெளியூரிலிருந்து வந்த தன்னார்வலருக்கு அவை வெறும் ஊர்ப் பெயர்கள்.

இதோடு 2015 சென்னை வெள்ளத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்போது அருண் கணேஷ் உள்ளிட்ட ஓபன்ஸ்ட்ரீட்மேப் ஆர்வலர்கள் ஒரு மேப்பை வெளியிட்டார்கள். தண்ணீர் நிற்கும் தெருவை மக்களே தொட்டால், அந்தத் தெரு நிறம் மாறும். அதில் கவனிக்க வேண்டிய விஷயம், அவர்கள் வீட்டு நம்பரைத் தேடவில்லை, தெருவைப் பிடித்தார்கள். தெருக்கள் ஏற்கெனவே ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையப்பட்டிருந்ததால்தான் அது சாத்தியமானது.

மன்னார்குடிக்கும் இதுதான் சரி. பழைய நம்பர், புது நம்பர், பாகம் பிரித்ததால் வந்த ‘ஏ’, ‘பி’ என்று குழம்பிக் கிடக்கும் கதவு எண்ணைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. தெரு அளவில், குக்கிராம அளவில் நேர்மையாக இருக்கும் மேப், வீட்டு அளவில் பொய் சொல்லும் மேப்பைவிட ஆயிரம் மடங்கு மேல்.

டிஜிபின் வந்தாச்சே?

அஞ்சல் துறை 2025 மே மாதம் டிஜிபின்னை வெளியிட்டது. ஐஐடி ஹைதராபாத், இஸ்ரோவின் என்ஆர்எஸ்சி ஆகியவற்றோடு சேர்ந்து உருவாக்கியது. நாட்டையே சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்து - எண் கொண்ட ஒரு கோடு. நல்ல முயற்சிதான். ஆனால், போன் ஜிபிஎஸ் திறந்த வானத்துக்குக் கீழேயே 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டலாம். அதாவது, வாசலில் நின்று எடுத்தாலும் பக்கத்துக் கட்டத்தின் கோடு வர வாய்ப்பிருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், டிஜிபின் என்பது அட்சரேகை, தீர்க்கரேகையின் இன்னொரு வடிவம் மட்டுமே. தெருப் பெயர் அதற்குத் தெரியாது. ஏற்கெனவே ரிஜிஸ்டரில் இருக்கும் பழைய முகவரியை அது தானாகப் புள்ளியாக மாற்றித் தராது. யாராவது ஒருவர் அந்த இடத்தில் போய் நின்றாக வேண்டும்.

(டெல்டாவில் மேப் போடுவது எந்தக் காலத்திலும் சுலபமாக இருந்ததில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மலையே இல்லாத சமவெளி என்பதால், லாம்ப்டனின் நில அளவைக் குழு 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது தியோடலைட் கருவியை ஏற்றப் பார்த்தது. கயிறு அறுந்து கருவி சேதமானதுதான் மிச்சம்!)

ஆக, இல்லாத ஒன்றே ஒன்று, உள்ளூர் பெயர்களோடு ஒரு திறந்த தெருப் பட்டியல். நகராட்சியிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. சொத்து வரி வசூலிக்க 33 வார்டுகளுக்கும் தெருவாரியாகப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். உரிமையாளர் பெயர், வரித் தொகை எதுவும் வேண்டாம். தெருப் பெயர், வார்டு எண், மக்கள் பேச்சில் வழங்கும் பெயர், இந்த மூன்றை மட்டும் ஒரு ஷீட்டாகப் பொதுவில் போட்டால் போதும். நிலத்துக்கு சர்வே எண்ணும் புல வரைபடமும் ஆன்லைனில் கொடுக்கும் அரசுக்கு இது பெரிய வேலையா என்ன?

சாதிப் பெயர் கொண்ட தெருக்களின் பெயரை மாற்ற 2025 அக்டோபரில் அரசாணை வந்தபின் இதன் அவசரம் கூடியிருக்கிறது. மாற்றம் தேவையான ஒன்று, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் ரேஷன் கார்டிலும் பத்திரத்திலும் பழைய பெயர் பல வருஷம் இருக்கும். பெயர்ப் பலகையிலும் மேப்பிலும் புதிய பெயர் மட்டும் தெரியட்டும். பழைய பெயரைத் தேடினால் சரியான தெருவுக்குக் கூட்டிப்போகும் இணைப்பு பின்னணியில் இருக்கட்டும். அதைச் செய்யாவிட்டால் பாதிக்கப்படுவது, இத்தனை நாள் அந்தப் பெயரைச் சுமந்த தெருவின் மக்களே.

நகராட்சி கொடுக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு போனில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் ஆப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால், “இந்தத் தெருவின் பெயர் என்ன?” என்று அதுவே கேட்கும். பதில் நேராக ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்குப் போய்விடும். கூகுள் மேப்பைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது, காப்புரிமைச் சிக்கல். பலகையைப் பார்த்தோ, ஊர்க்காரரைக் கேட்டோ எழுத வேண்டும். இப்படிச் சேரும் மேப்பை ஆர்கானிக் மேப்ஸ் போன்ற ஆப்களில் முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொள்ளலாம். டவர் செயலிழந்த நாளிலும் அது வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கை. நோயாளிகள், உதவி பெற்றவர்கள், தனியாக வசிக்கும் முதியவர்கள் பட்டியலை மை மேப்ஸில் ஏற்றி, ‘லிங்க் இருப்பவர்கள் பார்க்கலாம்’ என்று வைத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். பெயர், போன் நம்பர் காலங்களை நீக்கிவிட்டு, தெருவுக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை மட்டும் ஏற்றுங்கள். அப்படியே மேப் போட்டு முடித்ததும் இன்னொன்றையும் பாருங்கள். ஒரே இடத்தில் பத்து, இருபது புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கிறதா? அநேகமாக அது பின்கோடின் நடுப்புள்ளி. அந்த வரிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, ஊர்க்காரர் ஒருவருக்குப் போன் போடுங்கள்.