அயர்லாந்துக்காரர்னாலே சிவப்பு முடியா? உண்மை என்ன?

அயர்லாந்து மக்கள்னாலே சிவப்பு முடி, வெளுத்த தோல்னுதான் பலரும் நினைக்கிறாங்க. ஆனால் அங்கு சிவப்பு முடிக்காரர்கள் சுமார் 10 சதவீதம்தான். பெரும்பாலானோருக்கு பழுப்பு நிற முடி.

காரணம், எம்சி1ஆர் என்ற மரபணு. இதில் உள்ள மாற்றம் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் பொதுவாக முடி சிவப்பாகும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், முடியைப் பார்த்து கண்டுபிடிக்க முடியாது.

சிக்கலே இங்கதான். முடி சிவப்பாக இல்லாவிட்டாலும், அந்த மாற்றம் இருந்தால் தோல் புற்றுநோய் அபாயம் கூடும். வெயில் குறைவான அயர்லாந்தில் அதிகம் பதிவாகும் புற்றுநோயே இதுதான். சருமத்தைக் கருக்க வைக்கும் 'சன்பெட்' கருவியை 18 வயதுக்கு உட்பட்டோர் பயன்படுத்த அனுமதிக்கக் கூடாது என 2014-லேயே அங்கு சட்டம் வந்தது. ஆக, 'நமக்குத்தான் சிவப்பு முடி இல்லையே'ன்னு அங்கு யாரும் அலட்சியமா இருக்க முடியாது.