பதினோராம் வகுப்புக்கு முன்னால்

தரங்கம்பாடி என்றதும் டேனியர் கோட்டை, 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் அச்சகம் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜானை யாரும் நினைப்பதில்லை. 1771இல் வந்த இந்தப் பாதிரியார் 1813இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். மீன், சங்கு, பாம்பு, செடி என எல்லாவற்றிலும் அவருக்குத் தீராத ஈடுபாடு. இந்தக் கரையில் அகப்பட்ட மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மீனியலாளர் பிளோக்குக்கு அனுப்பினார். நாம் குழம்பு வைக்கும் கத்தாழை மீன்களில் ஒரு பேரினத்துக்கு ‘ஜானியஸ்’ என்று பிளோக் பெயரிட்டது இவரை நினைத்துத்தான்.

ஜான் தன் ஆர்வத்தைப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் கொண்டுவந்தார். அவரிடம் படித்தவர்களில் ஒருவர் வேதநாயகம். 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, சுவார்ட்ஸ் பாதிரியாரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்ட பிள்ளை. பாட்டு அவருக்கு இயல்பாகவே வந்தது. பின்னாளில் வேதநாயக சாஸ்திரியாராக அவர் பாடிய பெத்லகேம் குறவஞ்சியில் கோள்களின் இயக்கமும் உலக நிலவியலும் மீன் வகைகளும் இடம்பிடித்ததற்குத் தரங்கம்பாடியில் படித்த படிப்புக்குப் பெரும் பங்குண்டு.

ஜானுக்கு மீனும் பெயரும் தந்தவர்கள் நம் மீனவர்கள். அவர்கள் வாயில் வழங்கிய ‘கருத்தக் கத்தாழை’தான் ‘ஜானியஸ் கருட்டா’ என்ற அறிவியல் பெயரில் இன்றும் இருக்கிறது. அந்த அறிவு அவர்கள் பேரப்பிள்ளைகளிடம் அற்றுப்போகவில்லை. காற்று மாறினால் எந்த மீன் கரையோரம் வரும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். ஆனால் அதைக் கேட்டுவிட்டு, “இதையே நீ படிக்கலாம், தெரியுமா?” என்று சொல்ல ஆளில்லை.

படிக்க இடம் தொலைவில் இல்லை. தெற்கே நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், 2012 முதல். வடக்கே, கொள்ளிடம் தாண்டினால், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். நடுவில் இருக்கிறது நம் ஊர். மீன்வளப் பட்டப்படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடங்கள் வேண்டும் என்பது, பக்கத்து வீட்டு அண்ணன் எடுத்தான் என்று காமர்ஸ் எடுத்த பிறகுதான் பல பிள்ளைகளுக்குத் தெரியவருகிறது. படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டும் ‘நான் முதல்வன்’ போன்ற அரசுத் திட்டங்கள் நல்லவை. அவற்றை மனமார வரவேற்கிறோம். ஆனாலும் ஆர்வம் படிப்புகளின் பட்டியலைப் பார்த்துப் பிறப்பதில்லை. மீன்களை ஆராய்கிற ஒருவரை நேரில் பார்க்க வேண்டும். அவர் மேசையில் கிடக்கும் மீனைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறோம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து, குரூப் எடுக்கும் நாளுக்கு முன்பாக, பிள்ளைகளை ஒருநாள் நாகைக்கோ பரங்கிப்பேட்டைக்கோ அழைத்துப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிற அப்பாவும் கரையில்தான் இருப்பார். அவரையும் கூட்டிப் போங்கள்.