கோழி கொடுத்தால் போதுமா?

ஏழைப் பெண்கள் 77 ஆயிரம் பேருக்கு ஆளுக்கு 50 நாட்டுக்கோழிகள் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2018-ம் ஆண்டு அறிவித்தது. பிறகும் இதுபோன்ற திட்டங்கள் வந்தன. நல்ல காரியம்தான். ஆனால், கைக்கு வந்த கோழி பிழைக்க வேண்டுமே!

எமன் எது?

பருந்தும் கீரியும் பிடிப்பது ஒன்றிரண்டுதான். பஞ்சாரத்தையே காலி செய்வது வெள்ளைக்கழிச்சல். 'ராணிக்கெட் நோய்' என்பதும் இதுவே. வந்தபின் இதற்கு மருந்து கிடையாது. வருமுன் தடுக்க வேண்டும். குஞ்சு பொரித்த 7-ம் நாள் கண்ணில் சொட்டு மருந்து. 8-வது வாரம் இறக்கைத் தோலில் ஊசி.

சிக்கல் எங்கே?

ஒரு குப்பி மருந்து 100 கோழிகளுக்கும் அதற்கு மேலும் போதும். கரைத்துவிட்டால் 2 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஐஸில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். ஐந்து கோழி வைத்திருப்பவர் என்ன செய்வார்? போடாமலே விட்டுவிடுகிறார்.

வழி என்ன?

தெருவே ஒன்று சேர வேண்டும். விடியற்காலையில், பஞ்சாரத்தைத் தூக்குமுன், பத்து வீட்டுக் கோழிகளுக்கும் ஒரே நாளில் போட்டுவிடலாம். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இலவச முகாமையும் தவற விடக்கூடாது.

முட்டை விற்ற காசில்தான் பல வீடுகளில் பிள்ளைக்கு நோட்டும் பென்சிலும் வருகின்றன. அந்தக் காசைக் காப்பது ஒரு சொட்டு மருந்து!