பெட்டியில் 200 பார்... உள்ளே எவ்வளவு? பிரஷர் வாஷர் வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு!

கோவையில் எந்த மோட்டார் கடைக்குப் போய், "ஒரு மோட்டார் வேணுங்க" என்று சொன்னாலும் உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்கள். "போர் எத்தனை அடிங்க? தண்ணி எத்தனை அடில நிக்குது? எத்தனை இன்ச் பைப்புங்க? தோட்டத்துக்கா, வீட்டுக்கா?" என்று வரிசையாகக் கேள்விகள் வரும். பதில் சொல்லாமல் அங்கே மோட்டார் வாங்கவே முடியாது. பம்ப்செட் செய்கிற ஊருக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

ஆனால், அதே ஊர்க்காரர் ராத்திரி பத்து மணிக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் பிரஷர் வாஷர் தேடும்போது மட்டும் இந்தக் கேள்விகளையெல்லாம் மறந்துவிடுகிறார். 130 பார், 150 பார், 200 பார் என்று ஓடும் எண்களில் பெரியது எதுவோ, அதை ஆர்டர் போட்டுவிடுகிறார்.

பிரஷர் வாஷரும் ஒரு பம்ப்தான். போர் மோட்டாருக்கு 'ஹெட்', 'டிஸ்சார்ஜ்' என்று இரண்டு விஷயங்கள் பார்ப்போம் இல்லையா? இதற்கும் அதே இரண்டுதான். ஹெட்டுக்குப் பதில் இங்கே பார். டிஸ்சார்ஜுக்குப் பதில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கு.

1 பார் என்பது சுமார் 10 மீட்டர் ஹெட். 1,000 அடி ஆழத்திலிருந்து தண்ணீரை மேலே தூக்க ஏறக்குறைய 30 பார் போதும். ஆனால், கையில் தூக்கிச் செல்லக்கூடிய வீட்டு வாஷர் 100 பார் தருகிறது. அதாவது 1,000 மீட்டர் ஹெட்! எப்படி முடிகிறது? தண்ணீரை மிகக் கொஞ்சமாக விடுவதால்தான். நிமிடத்துக்கு 6 லிட்டர். அதை ஒரு 15 லிட்டர் பக்கெட்டில் பிடித்தால் நிரம்ப இரண்டரை நிமிடம் ஆகும்.

இப்போது அந்தச் சின்னக் கணக்கு. பார் எண்ணையும், நிமிடத்துக்கான லிட்டரையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால், தண்ணீருக்குப் போய்ச்சேரும் சக்தி கிலோவாட்டில் வந்துவிடும். 100 பார், 6 லிட்டர் என்றால் 600-ஐ 600-ஆல் வகுக்க, 1 கிலோவாட். பம்பிலும் மோட்டாரிலும் கொஞ்சம் வீணாகும் என்பதால் 1,400, 1,500 வாட்ஸ் மோட்டார் வேண்டும். இது நியாயமான மெஷின்.

அடுத்து, '200 பார், நிமிடத்துக்கு 10 லிட்டர், 1,500 வாட்ஸ்' என்று ஒரு விளம்பரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் 3.3 கிலோவாட் வருகிறது. 1.5 கிலோவாட் கரன்ட்டை வாங்கிக்கொண்டு 3.3 கிலோவாட் வேலை செய்யும் மெஷினை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பெட்டியில் 'மேக்ஸ்' என்று போட்டிருக்கும் எண்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து கிடைப்பவை அல்ல. 'ரேட்டட்' அல்லது 'வொர்க்கிங்' பிரஷர் என்ன என்று தேடிப் பாருங்கள். லிட்டரை மணிக் கணக்கில் போட்டிருந்தால் 60-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வேலைக்கு எது?

அழுக்கைப் பெயர்த்தெடுப்பது பிரஷர். பெயர்ந்ததை அடித்துக்கொண்டு போவது தண்ணீரின் அளவு. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பல்லடம் பக்கம் ஒரு கறிக்கோழிப் பண்ணை. ஒரு பேட்ச் கோழி போனதும் ஷெட்டைக் கழுவி, மருந்தடித்து, அடுத்த பேட்ச்சுக்குத் தயார் செய்ய வேண்டும். அங்கே 6 லிட்டர் மெஷினைக் கொண்டுபோனால், எச்சம் பெயருமே தவிர, வெளியே போகாது. அங்கேயே சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நிமிடத்துக்கு 12, 15 லிட்டர் தரும், நாள் முழுக்க ஓடத் தாங்கும் மெஷின் வேண்டும். கணக்கை இங்கேயும் போடலாம்: 120 பார், 15 லிட்டர் என்றால் தண்ணீருக்கே 3 கிலோவாட். அதாவது 5 ஹெச்.பி மோட்டார். வாட்டர் சர்வீஸ் கடைகளில் பெல்ட் போட்டு ஓடும் மெஷின்கள் இந்த ரகம்தான். மாட்டுக் கொட்டகைக்கும் இதே கதைதான். ஆனால், மாடுகளை வெளியே கட்டிவிட்டுத்தான் கழுவ வேண்டும். சத்தத்துக்கு மிரளும்.

பைக், காருக்கு இவ்வளவு தேவையே இல்லை. 80 முதல் 100 பார் தாராளம். இங்கே பாரைவிட முக்கியம், நாசில். பெரும்பாலான செட்களில் சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்புக்கு. பெயின்ட்டுக்கு வெள்ளை, சேறு படிந்த மட்கார்டுக்குப் பச்சை. ஒன்றரை, இரண்டு அடி தள்ளி நின்று அடிக்க வேண்டும். வீல் பேரிங், செயின், ரேடியேட்டர், வயரிங் பக்கம் கிட்டப் போய் அடித்தால் கிரீஸ் வெளியே போய், தண்ணீர் உள்ளே போகும். சிவப்பு நாசிலை வீட்டில் யார் கைக்கும் எட்டாமல் எடுத்து வைத்துவிடுவது உத்தமம்.

மொட்டை மாடியிலும் போர்டிகோவிலும் பாசி பிடித்த இடத்துக்கு, வட்டமாகச் சுழலும் 'சர்ஃபேஸ் கிளீனர்' என்ற மூடியை வாங்கி மாட்டினால் கோடு கோடாக விழாது. தட்டோடு பதித்த பழைய மாடி என்றால் கவனம். இணைப்புப் பூச்சு பெயர்ந்து, அடுத்த மழைக்கு ஒழுக ஆரம்பிக்கும்.

லேத் பட்டறையில் ஆயில் படிந்த தரை என்றால் பச்சைத்தண்ணீர் எவ்வளவு வேகமாக அடித்தாலும் எண்ணெய் இடம் மாறுமே தவிர, போகாது. சூடான தண்ணீர் வேண்டும். ஜெர்மனியின் ஆல்ஃப்ரெட் கார்ஷர் 1950-லேயே வெந்நீர் பிரஷர் வாஷரைக் கொண்டுவந்துவிட்டார். அதற்குத் தனி மெஷின் உண்டு. சாதா வாஷரில் வெந்நீரை ஊற்றினால் சீல் போய்விடும்.

இங்கெல்லாம் வேண்டாம்!

கூரை சோலார் பேனலில் பிரஷர் வாஷரை வைக்கவே கூடாது. கண்ணாடி உடையாவிட்டாலும் ஓரத்து சீலில் தண்ணீர் இறங்கும். வாரன்ட்டியும் போகும் என்று பல நிறுவனங்கள் சொல்கின்றன. மென்மையான மாப், காலை நேரத்துத் தண்ணீர் போதும். அதுவும் உப்புத் தண்ணீராக இல்லாமல் இருக்கட்டும். ஏ.சி அவுட்டோர் யூனிட்டில் கிட்ட வைத்து அடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். ஓட்டு வீட்டில் கீழிருந்து மேலே அடித்தால், தண்ணீர் ஓட்டுக்கு அடியில் நுழைந்து நேராக வீட்டுக்குள் வரும்.

தண்ணீர் மிச்சமா?

ஹோஸ் பைப்போடு ஒப்பிட்டால் மிச்சம்தான். ஆனாலும் 20 நிமிடம் விடாமல் அடித்தால் 120 லிட்டர். ஷாம்பு, துணி, இரண்டு பக்கெட் தண்ணீரில் கார் துடைப்பவரை எந்த மெஷினும் ஜெயிக்க முடியாது. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரில் அறிவித்தார்கள். சிறுவாணித் தண்ணீர் குழாயில் வருகிறது என்பதற்காக அதை பம்பரில் அடிக்க வேண்டுமா என்பதையும் யோசிக்கலாம்.

போர் தண்ணீரில் அடிப்பவர்கள் இன்லெட் ஃபில்டரைக் கட்டாயம் போட வேண்டும். மணல் ஒரு துளி போனாலும் வால்வு காலி. டேங்க்கிலிருந்து தானாக வரும் தண்ணீரின் வேகம் போதாத மெஷின்களும் உண்டு. அதனால், வாளியிலிருந்து தானே உறிஞ்சுமா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்விட்ச் போடும் முன் தண்ணீரைத் திறந்து, துப்பாக்கியை அழுத்திப் பிடித்து, உள்ளே இருக்கும் காற்று முழுக்க வெளியே போக வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் சில நிமிடங்களில் சீல் பாழ்.

விளையாட்டில்லை

1,500 வாட்ஸ் மெஷின் 6.5 ஆம்பியர் இழுக்கும். சின்ன 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் தாங்காது. 16 ஆம்பியர் பாயின்ட், ஒழுங்கான எர்த், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி மூன்றும் இருக்க வேண்டும். ஈரத் தரையில் நின்று செய்யும் வேலை இது.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. கூர்மையான ஜெட் கை, கால்மீது பட்டால் தோலைத் துளைத்துத் தண்ணீரை உள்ளே செலுத்திவிடும். வெளியே பார்த்தால் சிறு புள்ளி மாதிரிதான் இருக்கும், ரத்தம்கூட வராது. உள்ளே தசை வீங்கி, கிருமி பரவி, விரலையே இழக்கும் நிலைக்குப் போகலாம். பேண்டெய்டு ஒட்டிவிட்டு உட்காராமல், உடனே மருத்துவமனைக்குப் போய், 'பிரஷர் வாஷர் தண்ணீர் பட்டது' என்று சொல்ல வேண்டும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கண்ணாடியும் அணியுங்கள். குழந்தைகள் மேல் விளையாட்டுக்குக்கூட அடிக்கக் கூடாது.

கடைசியாக, மோட்டார். எடை குறைவாக, கீச்சென்று கத்துபவை பெரும்பாலும் கார்பன் பிரஷ் வைத்தவை. மாதம் ஒருமுறை வண்டி கழுவ அது போதும். தினமும் ஓட்டுவதென்றால் இண்டக்‌ஷன் மோட்டார் பாருங்கள். கனமாக இருக்கும், விலையும் கூடும். ஆனால், சத்தம் குறைவு, சுருள் எரிந்தாலும் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் காயில் கட்டிக் கொடுக்க ஆள் இருக்கிறது. பம்ப் சீல், ஓ-ரிங், ஹோஸ் இவை தனியாகக் கிடைக்குமா என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒரே ஒரு தரம், பொங்கலுக்கு மாடி கழுவ மட்டும்தான் என்றால், ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதுதான் லாபம்.