பலகையில் யார் பெயர்?

"பஸ் ஸ்டாண்டுல வந்து எவன் சாதி கேக்குறான்?" என்று சில முற்போக்கு நண்பர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. கேட்டிருக்கிறான், தோழர்களே. சுயமரியாதை இயக்கக் காலத்தில் தென் மாவட்டத்துத் தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்தார்கள். மறுத்தால் உரிமம் ரத்து என்று ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் உத்தரவு போட வேண்டியிருந்தது. இருக்கை தானாக வரவில்லை.

இருக்கை வந்தது. பெயர்?

1972 முதல் அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு மன்னர்கள், தலைவர்கள் பெயராக வைத்தார்கள். சேரன், பாண்டியன், மருதுபாண்டியர், கட்டபொம்மன். நம் தர்மபுரிப் பக்கம் அன்னை சத்யா. யாருக்கும் வலிக்கவில்லை. 1997இல் விருதுநகரில் ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததும் தென் மாவட்டம் எரிந்தது. கட்டபொம்மன் பெயர் போட்ட வண்டியில் ஏறியவர்கள், அவருடைய தளபதி பெயர் போட்ட வண்டியில் ஏற மாட்டார்களாம்! அரசு என்ன செய்தது? மாவட்டம், போக்குவரத்துக் கழகம் எல்லாவற்றிலிருந்தும் எல்லாத் தலைவர் பெயரையும் எடுத்தது. அதைச் சமத்துவம் என்றார்கள். ஒரு தலித் பெயரைச் சுமக்க முடியாமல் எல்லாப் பெயரையும் இறக்கி வைத்ததுதான் நடந்தது. அதே ஆண்டு ஜூன் 30இல் மேலவளவு முருகேசனையும் தோழர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள்.

வண்டியிலிருந்து இறங்கிய பெயர்கள் கட்டடத்தில் ஏறிக்கொண்டன. 2018இல் கோயம்பேட்டுக்கு எம்.ஜி.ஆர். பெயர். 2023இல் திறந்த கிளாம்பாக்கத்துக்குக் கலைஞர் பெயர். 2010இல் திறந்த ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு கே.அப்பாவு பிள்ளை பெயர். அவருடைய பொதுவாழ்வு பற்றி இங்கே பேச்சில்லை. சிப்காட் ஷிப்டுக்கு ஓடுகிறவனும், பாகலூர் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற கிழவியும் தினம் நிமிர்ந்து பார்க்கிற பலகையில் சாதி வால் எதற்கு?

நம்மூர் பஸ் ஸ்டாண்டுகளின் வரைபடம் பெரும்பாலும் ஒன்றுதான். முன்னால் பெயர்ப்பலகை, சுற்றி வாடகைக் கடை, மூலையில் கட்டணக் கழிப்பிடம். பலகையில் யார் பெயர், கழிப்பிடத்தில் யார் கை என்று சேர்த்துப் பார்த்தால் அது ஊரும் சேரியும்தான். சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், அவ்வளவே.

பொதுச் சொத்துக்குப் பெயரே வேண்டாம் என்றால் எவர் பெயரும் வேண்டாம். உண்டு என்றால் 1997இல் இறக்கிய சுந்தரலிங்கத்தை முதலில் ஏற்றுங்கள். மற்றவர்கள் வரிசையில் வரட்டும்.