மருந்தின் கணக்கு யாரிடம்?

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 38 பேர் கருகி மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். 2024 மே 9 அன்று செங்கமலப்பட்டியில் 10 பேர். ஊர்கள் மாறினாலும் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் அடிபடும் சொல் ஒன்றுதான்: உள்குத்தகை.

உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகள் பலர் கையில் இருக்கும். குத்தகைக்கு எடுத்தவர்கள் தத்தம் போக்கில் வெடிமருந்து வாங்கி, பேன்சி ரகத்துக்குக் கலந்து, தீபாவளி ஆர்டருக்கு ஆட்களை விரட்டுகிறார்கள். நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாத அறையில் கூட்டம் சேர்கிறது. இடம் போதாவிட்டால் மரத்தடியிலும் வேலை நடக்கிறது. நகக்கண்ணில் அலுமினியப் பொடி ஏறிய கையோடு அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எண்ணிக்கைக்குக் கூலி என்பதால், எச்சரிக்கையாக வேலை செய்தால் அன்றைய கூலி குறையும்.

எந்த மருந்து, எத்தனை கிலோ, யாருக்குப் போனது என்ற கணக்கு முழுமையாக இருந்தால் உள்குத்தகை ஒரு வாரம்கூட ஒளிந்திருக்க முடியாது. ஆனால் கண்காணிப்பு என்றாலே தொழில் வட்டாரத்தில் முகம் சுளிக்கிறார்கள். அந்த அவநம்பிக்கையை நாம் ஒதுக்கிவிடவில்லை. ஆலை நடத்த நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், மாவட்ட வருவாய் அலுவலரின் டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று பல வாசல்களில் நின்றவர்களுக்கு அரசின் முகம் நன்றாகவே தெரியும். சடலங்கள் விழுந்த பிறகு ஜீப்பில் வந்து இறங்கும் ஆய்வு, விதியை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவரையும் குற்றவாளியாகவே பார்க்கிறது.

அரசை நம்பாதவர்கள் இங்கே மட்டும் இல்லை. தோட்டா வாங்குவோரின் விவரத்தைக் கடைக்காரர் பதிந்துவைக்க வேண்டும் என்று 1968-ல் விதித்த அமெரிக்கா, 1986-ல் அதைப் பெருமளவு கைவிட்டது. பட்டியல் அரசிடம் இருந்தால் நாளை ஆயுதமும் பறிபோகும் என்ற அச்சம் இன்றும் அங்கே வலுவாக உள்ளது. நமக்கும் அந்த உணர்வு அந்நியமல்ல. 1878 ஆயுதச் சட்டத்தால் நிராயுதபாணிகளாக்கப்பட்ட மக்களின் சார்பில், 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம் ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளுள் சேர்த்தது. சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனம் அதை ஏற்கவில்லை. 2019-ல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டம், தோட்டாவைத் தயாரிப்பாளரிலிருந்து வாங்குபவர் வரை பின்தொடர வழி செய்திருக்கிறது.

துப்பாக்கி உரிமை கேட்பவர் தன் கையில் இருப்பதற்காக வாதாடுகிறார். சிவகாசியில் கணக்குக் கேட்காதே என்பவரின் மருந்தோ அடுத்த வீட்டுப் பெண்ணின் மடியில் இருக்கிறது. அரசின் மீதுள்ள கோபத்தைக் காட்டி அவள் உயிரைப் பணயம் வைக்க எந்த உரிமையாளருக்கும் அதிகாரம் கிடையாது. உரிமத்தை வாடகைக்கு விடுவது தொழில் நெருக்கடியின் விளைவு என்ற வாதத்தை நாம் ஏற்க மறுக்கிறோம். அது தெரிந்தே செய்யும் குற்றம்.

அரசு மட்டும் தப்பிவிட முடியாது. பசுமைப் பட்டாசுப் பெட்டிகளில் இன்று க்யூஆர் குறியீடு இருக்கிறது. 2025 அக்டோபரில் டெல்லியில் விற்பனையை அனுமதித்தபோதும் உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியது. டெல்லியின் காற்றுக்காக இவ்வளவு செய்ய முடிகிறது. அதே பெட்டி எந்த அறையில், யாருடைய பொறுப்பில் நிரப்பப்பட்டது என்பதைப் பதிவு செய்ய மட்டும் ஏன் கை வரவில்லை? பொட்டாசியம் நைட்ரேட்டும் அலுமினியப் பொடியும் உரிம எண் இல்லாமல் கைமாறக் கூடாது. வாங்கிய அளவு அனுமதித்த அளவைத் தாண்டும் அன்றே ஆலையின் கதவு மூடப்பட வேண்டும்.

ஆய்வு அறிக்கைகளைத் தமிழில், ஆலை இருக்கும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டட்டும். விபத்து நடந்தால் உரிமையாளரோடும் போர்மேனோடும் வழக்கு நின்றுவிடக் கூடாது. எல்லாம் சரியாக இருப்பதாகக் கடைசியாகக் கையெழுத்திட்ட அதிகாரியும் விசாரணைக் கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டும்.