திருத்தாத காது



நாயைப் பற்றி எழுதப் போகிறோம். முகம் சுளிக்காமல் கடைசி வரை வாசியுங்கள்.

அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் சோல்ட் லேக் சிட்டி நகரில் 1999ஆம் ஆண்டு ஒரு திட்டம் தொடங்கியது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளையை நூலகத்தில் ஒரு நாயின் பக்கத்தில் உட்கார வைத்து, அதற்குக் கதை வாசித்துக் காட்டச் சொல்வார்கள். நாயைக் கூட்டி வருபவர் தொண்டர். சம்பளம் கிடையாது. அவரையும் நாயையும் சேர்த்துச் சோதித்த பிறகுதான் பிள்ளைகளிடம் விடுவார்கள். இன்று பல நாடுகளில் இது நடக்கிறது.

நாய்க்கு எழுத்துத் தெரியாதே, என்ன பயன் என்று கேட்பீர்கள். அது சிரிக்காது. அவசரப்படுத்தாது. "ல"வா "ள"வா என்று குறுக்கே விழாது. பிள்ளை ஒரு சொல்லில் நின்றுவிட்டால் தொண்டர், "இவனுக்கு அது விளங்கவில்லையாம், நீ சொல்லிக் கொடு" என்பார். அந்த இடத்தில் தெரியாதவன் நாய். சொல்லிக் கொடுப்பவன் பிள்ளை.

இதை அறிந்தபோது எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவன்தான் ஞாபகம் வந்தான். தரம் 4. எழுத்துக்கூட்டி ஒரு வரியை முடிப்பதற்குள் மூன்று இடத்தில் திருத்திவிடுவோம். பின்வரிசை சிரிக்கும். சில வாரங்களில், "புத்தகம் கொண்டு வரல்ல" என்று சொல்லப் பழகிவிட்டான். புத்தகம் பைக்குள்தான் இருந்தது. பயிற்சிக் கலாசாலையில் வாசிப்புக் கற்பிக்கப் படித்துவிட்டு வந்த நாங்கள், பொறுமையாகக் கேட்கப் படித்திருக்கவில்லை.

வகுப்புக்கு நாய் கொண்டு வரச் சொல்லவில்லை. நம் மத்ஹபின் சட்டம் எல்லோருக்கும் தெரியும். விசர்நாய்ப் பயமும் நியாயமானது. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸையும் நாம் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறோம். நாங்கள் கேட்பது அந்த நாயிடம் இருக்கும் பொறுமையை மட்டும்தான்.

வீட்டில் கண் மங்கிய மூத்தம்மா இருக்கிறாவா? "மகன், எனக்கு எழுத்துத் தெரியுதில்ல, வாசிச்சுக் காட்டுங்க" என்று அவ சொன்னால் போதும். மஃரிபுக்குப் பிறகு பத்து நிமிடம். போன் தூரத்தில் இருக்கட்டும். பிழை வந்தால் வரட்டும். திருத்த நாங்கள் இருக்கிறோம்.

எங்கள் பிள்ளையை, தரம் 1 பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்ட அனுப்பினோம். இன்னும் பிழை விடுகிறான். ஆனால் பக்கத்து வகுப்புக்கும் கேட்க வாசிக்கிறான்.

ஒக்டோபர் வந்தால் வாசிப்பு மாதம். பெனர் கட்டுவோம், போட்டி வைப்போம், நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கே மறுபடியும் பரிசு கொடுப்போம். தடுமாறும் பிள்ளை கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகும். இம்முறை ஓய்வுபெற்றவர்களும், உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் தம்பி, தங்கைமாரும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் தாருங்கள். ஒருவருக்கு ஒரு பிள்ளை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

வரும்போது சிவப்புப் பேனையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.